ஷிப்ட் எடிட்டர்களுக்கு முடிவெடுக்கப் பழக்குவது எப்படி?

மேசைவிளக்கு (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் செய்தித்தளத்தில் சில சப் எடிட்டர்களை ஷிப்ட் பொறுப்புக்கு உயர்த்தப் போகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி வகுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. ஏற்கெனவே ஒரு பயிற்சி உண்டு. அவதூறுச் சட்டம், தனியுரிமை, பத்திரிகை அறம் என்று ஸ்லைடு போட்டு நாள் முழுக்க வகுப்பு. எல்லோரும் நன்றாகத்தான் கவனித்தார்கள், இப்போது கேட்டாலும் ஒப்பிப்பார்கள்: ஒற்றை மூலத்தை நம்பாதே, சந்தேகம் வந்தால் நிறுத்து, தலைப்பு செய்தியைத் தாண்டக் கூடாது.

ஆனால் நள்ளிரவு நெருங்கும்போது ஒரு ஃபிளாஷ் (அவசரச் செய்தி) வருகிறது. போட்டித் தளம் வாசகர்களின் போனுக்கு அலர்ட் அனுப்பியாயிற்று என்று யாரோ குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடுகிறார். அந்த நேரத்தில் ஒப்பித்த பாடம் எதுவும் கைகொடுப்பதில்லை. பயந்த சுபாவம் உள்ளவர் எல்லாவற்றையும் நிறுத்துகிறார், துணிந்தவர் எல்லாவற்றையும் அனுப்புகிறார். இரண்டுமே முடிவு இல்லை, சுபாவம்.

விதிகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. அவற்றை மறுபடி இங்கே போட வேண்டாம், ப்ளீஸ். விதிக்கும் வெளியிடும் பட்டனுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில நிமிடங்களை எப்படிப் பழக்குவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையகை

சொன்னால் கோபப்படக் கூடாது. இதைப் பாடமாக நடத்த முடியாது. ஒரு நல்ல நியூஸ் எடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சில வருஷம் பார்க்கணும், அவ்வளவுதான். எனக்கு வாய்த்தவர் செய்திக் காப்பியை வாங்கிப் பார்த்ததும் மூக்கைச் சுளிப்பார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஆனால் அந்த மூக்கு பெரும்பாலும் பொய் சொன்னதில்லை.

---

கயல்

பழையகை சார், அந்த மூக்கைப் பற்றித்தான் பேச வேண்டும்.

டேனியல் கானமன், கேரி க்ளைன் என்று இரண்டு உளவியலாளர்கள். தீயணைப்புப் படைத் தலைவர்கள் நெருப்பைப் பார்த்த மாத்திரத்தில் சரியான முடிவுக்கு வருவதை ஆராய்ந்தவர் க்ளைன். நிபுணர்களின் உள்ளுணர்வு எங்கெல்லாம் வழுக்கும் என்று காட்டியே பெயர் வாங்கியவர் கானமன். எதிரெதிர் முகாம். இருவரும் சேர்ந்து 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதற்கு இரண்டு நிபந்தனைகளில் ஒத்துப்போனார்கள். வேலை நடக்கும் சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். எடுத்த முடிவு சரியா தவறா என்பது தெளிவாகவும் சீக்கிரமாகவும் திரும்பி வர வேண்டும்.

டெஸ்க்கில் அந்த இரண்டாவது இல்லை. நீங்கள் அனுப்பிய செய்தி பிழை என்றால், யாராவது புகார் செய்தால்தான் தெரியும். நிறுத்திய செய்தி உண்மையாக இருந்திருந்தால் அதைப் பற்றி யாரும் வந்து சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்று மட்டும் நொடிக்கு நொடி திரும்பி வருகிறது: இப்போது எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற எண். அப்படியானால் இன்றைக்கு ஷிப்டில் வளரும் மூக்கு எதை மோப்பம் பிடிக்கப் பழகுகிறது?

---

பழையகை

ம். இதற்கு உடனே பதில் இல்லை என்னிடம்.

எங்கள் காலத்தில் மறுநாள் காலைக் கூட்டம் என்று ஒன்று இருந்தது. முந்தின நாள் பக்கங்களைப் பரப்பி வைத்து வரி வரியாகக் கிழிப்பார்கள். நீங்கள் சொல்கிற 'திரும்பி வருவது' அதுதான் போலிருக்கிறது. இப்போதும் காலைக் கூட்டம் நடக்கிறது, ஆனால் அதில் பேசுவது முழுக்கத் தளத்தின் டிராஃபிக்.

---

தலைப்புத்தச்சன்

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். உண்மையில் நடந்த ஒன்றை எடுத்து, அது நடந்த வரிசையிலேயே, துண்டு துண்டாகக் கொடுப்போம். ஒவ்வொரு துண்டுக்கும் சில நிமிடம். பேச்சு கிடையாது, எழுதித் தர வேண்டும்.

நான் அதிகம் பயன்படுத்துவது 2022 நவம்பர் 15. உக்ரைன் எல்லைக்கு அருகே போலந்துக் கிராமம் ஒன்றில் ஏவுகணை விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். ரஷ்ய ஏவுகணைகள் நேட்டோ நாட்டுக்குள் நுழைந்துவிட்டதாக அமெரிக்க உளவுத்துறை மூத்த அதிகாரி ஒருவர் சொல்கிறார் என்று ஏபி செய்தி நிறுவனம் அலர்ட் அனுப்பியது. பெயர் சொல்லாத ஒரே மூலம். அடுத்த நாள் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. பெரும்பாலும் அது உக்ரைன் தன் வான்பாதுகாப்புக்காக ஏவியது என்று தெரியவந்தது. செய்தி கொடுத்த நிருபர் வேலையிழந்தார்.

முதல் தாளில் நிருபரின் தகவல் மட்டும் இருக்கும். இந்த நேரத்தில் எல்லோரும் உஷார். இன்னொரு மூலம் வேண்டும், பெயர் சொல்லாதவரை ஏற்பதற்கு மேலாளர் அனுமதி வேண்டும் என்று எழுதுவார்கள். இரண்டாவது தாளில், மூலத்துக்கு மேலிடம் ஏற்கெனவே அனுமதி கொடுத்திருப்பதாக ஒரு வரி வரும். இங்கேதான் ஆள் விழுவது. பின்னால் வெளியான உள் உரையாடலிலும் இதுதான் நடந்தது. அந்த மூலத்துக்கு முன்பு கிடைத்த அனுமதி இந்தச் செய்திக்கும் சேர்த்துத்தானா என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவது தாள், அலர்ட் அனுப்பலாமா, இன்னொரு உறுதிப்பாடு வேண்டுமா என்று ஓர் எடிட்டர் கேட்பது. உளவுத்துறை அதிகாரி ஒருவர் இதில் தவறுவார் என்று நினைக்க முடியவில்லை என்று இன்னொருவர் சொல்கிறார். அலர்ட் போயிற்று. மொத்தமும் பத்து நிமிடத்துக்குள் முடிந்த கதை.

கவனியுங்கள், பெயர் சொல்லாத மூலங்கள் பற்றி ஏபியிடம் இருப்பது மிகக் கறாரான விதி. விதி இல்லாமல் நடக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துவிட்டார் என்று நினைத்தார்கள். ஆகவே நான் கற்றுக்கொடுப்பது ஒரே ஒரு கேள்வி: "அனுமதி என்றால் யார், எதற்கு, எப்போது கொடுத்தது?" இதைச் சீனியரிடம் கூச்சமில்லாமல் கேட்கும் பழக்கம் வந்தால் போதும், பயிற்சியில் பாதி முடிந்தது.

---

நிலா_சப்

அண்ணா, ஒரு சந்தேகம். இந்த மாதிரிப் பயிற்சியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கேஸ் ஸ்டடி என்று தாள் கொடுத்தாலே எங்கேயோ தப்பு நடந்திருக்கு என்று தெரிந்துவிடும். எல்லாரும் சமத்தாக "நிறுத்து" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நிஜ ஷிப்டில் நூறில் தொண்ணூற்றொன்பது செய்தி சரியாகத்தானே வருகிறது?

---

தலைப்புத்தச்சன்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அதனால்தான் கலந்து கொடுக்க வேண்டும். சரியாகப் போனவையும், அதிர்ஷ்டத்தால் தப்பித்துப் போனவையும் இருக்க வேண்டும்.

2011 மே 1 இரவு. அமெரிக்க அதிபர் பேசப் போகிறார் என்று அறிவிப்பு மட்டும் வந்திருக்கிறது. முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஒருவரிடம் வேலை பார்த்தவர் ட்விட்டரில் எழுதுகிறார்: ஒசாமா பின் லேடனைக் கொன்றுவிட்டதாக நம்பகமான ஒருவர் தன்னிடம் சொன்னார் என்று. செவிவழிச் செய்தி, அதுவும் இரண்டாம் கை. ஆனால் உண்மை. ஆட்கள் பெயரையும் இடத்தையும் மாற்றி இதையும் போலந்துக் கதையையும் அடுத்தடுத்துக் கொடுத்துப் பாருங்கள். மூலத்தின் தரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்த ட்வீட்டை மட்டும் வைத்து அலர்ட் அனுப்பியிருந்தால் அன்றைக்குக் கைதட்டு. ஆனாலும் மோசமான முடிவு.

ஜொனாதன் பேரன், ஜான் ஹெர்ஷே இருவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மருத்துவ முடிவு ஒன்றை விவரித்து அதன் தரத்தை மதிப்பிடச் சொன்னார்கள். எல்லோருக்கும் கொடுத்த தகவல் ஒன்றே. நோயாளி பிழைத்தார் என்று படித்தவர்கள் முடிவைப் பாராட்டினார்கள். இறந்தார் என்று படித்தவர்கள் குறை சொன்னார்கள். நியூஸ்ரூமில் தினமும் நடப்பது இதுதான். அதனால் நான் மார்க் போடுவது காரணத்துக்கு. விடை "நிறுத்து"வா "அனுப்பு"வா என்று பார்ப்பதே இல்லை.

---

கயல்

"இரண்டு மூலம்" என்ற சூத்திரத்தையும் இப்படி உடைத்துக் காட்டலாம். 2011 ஜனவரி 8, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டதாக என்பிஆர் வானொலி அறிவித்தது, பெரிய நிறுவனங்கள் சில பின்தொடர்ந்தன. அவர் உயிரோடு இருந்தார். என்பிஆர் ஒற்றை மூலத்தை நம்பவில்லை, கையில் இரண்டு இருந்தன. ஆனால் இரண்டு பேருமே நேரில் அறிந்தவர்கள் இல்லை. எண்ணிக்கை நிறைவேறியது, விதியின் நோக்கம் நிறைவேறவில்லை.

பின்தொடர்ந்தவர்களின் கதையும் பாடம்தான். "அவர்களும் போட்டுவிட்டார்கள்" என்பது புதிய மூலம் இல்லை. அதே மூலத்தின் எதிரொலி.

---

எண்கணக்கன்

நான் ஆடியன்ஸ் டீமில் இருப்பவன். எண்ணை எல்லோரும் சாத்துவதால் ஒரு வார்த்தை. உங்கள் சம்பளம் அந்த எண்ணைக் காட்டும் டேஷ்போர்டிலிருந்துதான் வருகிறது. எண்ணைப் பார்க்காத எடிட்டர் யாருக்காக எழுதுகிறார்? எந்தச் செய்தியைப் பாதியில் விட்டு ஓடுகிறார்கள், எந்தத் தலைப்பு புரியவில்லை, எல்லாம் எண்தான் சொல்லும். எதிரி எண் இல்லை. எந்த எண் என்பதுதான் பிரச்சினை.

---

கயல்

@எண்கணக்கன் பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு: அப்வொர்தி தளம் ஒவ்வொரு செய்திக்கும் பல தலைப்பு போட்டுச் சோதித்துப் பார்த்த தரவு முழுவதும் பின்னாளில் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்பு வடிவங்கள். அதை வைத்து 2023-ல் வந்த ஆய்வு, சராசரி நீளமுள்ள தலைப்பில் கூடுதலாக ஒரு எதிர்மறைச் சொல் வந்தால் கிளிக் விகிதம் 2.3 சதவீதம் ஏறுகிறது என்று கண்டது.

2.3 சதவீதம் சின்னது. ஆனால் தலைப்புச் சோதனையை இயந்திரத்திடம் விட்டு, ஜெயித்ததை வைத்துக்கொள் என்று பழகிய மேசை, யாரும் முடிவெடுக்காமலேயே மாதக்கணக்கில் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டே போகும். எடிட்டர் கையெழுத்தே இல்லாத முடிவு. பயிற்சியில் இதையும் சேருங்கள்: சோதனைக்குப் போகும் ஒவ்வொரு தலைப்பும், தோற்கப்போவதும்கூட, தனியாக நின்றால் வெளியிடத் தகுந்ததாக இருக்க வேண்டும்.

---

எண்கணக்கன்

அந்தக் கடைசி வரி எங்கள் டீமுக்கே தேவை. எடுத்துக்கொள்கிறேன்.

---

பழையகை

நீங்கள் எல்லோரும் அலர்ட்டையே சுற்றுகிறீர்கள். எனக்கு அதைவிடப் பயம் தருவது முன்கூட்டி எழுதி வைத்த காப்பி.

2011 அக்டோபர் 3. இத்தாலியில் பெருஜியா மேல்முறையீட்டு நீதிமன்றம், அமண்டா நாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண் மீது உலகமே பார்த்துக்கொண்டிருந்த கொலை வழக்கு. தீர்ப்பு வாசிக்கும்போது முதலில் வந்தது துணைக் குற்றச்சாட்டான அவதூறு, அதில் குற்றவாளி. அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் சில தளங்கள் கொலையில் மேல்முறையீடு தோற்றது என்று போட்டுவிட்டன. சில நொடியில் கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை. மற்றவர்கள் வரியைத் திருத்திவிட்டார்கள். டெய்லி மெயில் தளத்தில் வந்தது முழுக்கட்டுரை. தீர்ப்பைக் கேட்டு அந்தப் பெண் எப்படி நொறுங்கினார், அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் என்ன சொன்னார்கள் என்று நடக்காத காட்சிக்கு வர்ணனை, மேற்கோளோடு!

இரண்டு முடிவுக்கும் இரண்டு காப்பி வைத்திருப்பது தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் நடக்காத காட்சியை எழுதி வைத்ததை அன்றைக்கு யாரோ ஒரு எடிட்டர் முன்னாலேயே பார்த்து "சரி" சொல்லியிருக்கிறார். தீர்ப்பு நேரத்தில் நடந்தது விபத்து. முடிவு அதற்கு ரொம்ப முன்னாலேயே எடுத்தாயிற்று.

---

நிலா_சப்

2020-ல் பிரெஞ்சு வானொலி ஆர்எஃப்ஐ தளத்தில் அப்போது உயிரோடு இருந்த சுமார் 100 பேருக்கு அஞ்சலி வெளியானதே, எலிசபெத் ராணி, பெலே எல்லாரும்! அது சிஎம்எஸ் (செய்தி ஏற்றும் மென்பொருள்) மாற்றும்போது நடந்தது. அதில் எந்த எடிட்டர் முடிவும் இல்லையே சார்?

---

தலைப்புத்தச்சன்

இல்லை. அதைத்தான் @மேசைவிளக்கு கவனிக்க வேண்டும். பயிற்சியால் தீர்க்கக் கூடாத விஷயங்கள் சில உண்டு. இருப்புக் காப்பி தனி இடத்தில் பூட்டியிருக்க வேண்டும். வெளியிட இரண்டு பேர் கை வேண்டும். அலர்ட் பட்டன் சேமிக்கும் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இதையெல்லாம் செய்யாமல் "கவனமாக இருங்கள்" என்று வகுப்பு எடுப்பது நிர்வாகத்துக்கு மலிவு, அவ்வளவுதான். எடிட்டரின் கவனம் அளவோடுதான் இருக்கிறது, அதை நிஜமான சந்தேகங்களுக்கு மிச்சம் வையுங்கள்.

---

மேசைவிளக்கு

நல்லது, இவற்றைத் தனிப் பட்டியலாக டெக் டீமுக்கு அனுப்பிவிட்டேன்.

இன்னொரு வகை முடிவு பற்றிக் கேட்க வேண்டும். வாரத்துக்குச் சிலராவது எழுதுகிறார்கள், பழைய செய்தியிலிருந்து என் பெயரை எடுங்கள் என்று. சின்ன அடிதடி வழக்கு, கைதானபோது நாம் போட்டது, வழக்கு என்னவானது என்று போடவே இல்லை. இப்போது வேலைக்குப் போகும் இடத்திலெல்லாம் தேடினால் முதலில் அதுதான் வருகிறது. ஷிப்டில் இருப்பவர் மனமிரங்கி எடுத்துவிடுகிறார், அல்லது முறைத்துவிட்டு மறுக்கிறார்.

---

கயல்

இது ஷிப்டில் தனியாக எடுக்க வேண்டிய முடிவே இல்லை. அவசரமும் இல்லை. இரண்டு மூன்று பேர் கூடி, வாரம் ஒருமுறை பார்க்கலாம். பாஸ்டன் குளோப் 2021 ஜனவரியில் இப்படி ஒரு குழு முறையைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 மே 13-ல் கூகுள் வழக்கில் கொடுத்த தீர்ப்பு தேடுபொறியைப் பற்றியது. மூலச் செய்தி அப்படியே இருக்கலாம், பெயரைத் தேடும்போது இணைப்பு வரக் கூடாது என்பது அதன் வழி. எடுப்பதா விடுவதா என்ற இரண்டுக்கும் நடுவில் நிறைய இருக்கிறது. வழக்கின் முடிவை மேலே சேர்ப்பது, பெயரை மட்டும் நீக்குவது, தேடுபொறியிலிருந்து மறைப்பது.

ஆனால் எனக்குப் பிடித்தது ஏபி 2021 ஜூனில் செய்தது. சிறு குற்றச் செய்திகளில் சந்தேக நபரின் பெயரை இனி போடுவதில்லை என்று முடிவெடுத்தது. காரணம் எளிமையானது: அந்த வழக்கு என்னவாயிற்று என்று தாங்கள் பின்தொடரப் போவதில்லை. பயிற்சியில் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. "இதன் முடிவையும் நாம் போடுவோமா?" இல்லை என்றால் தொடக்கத்தில் பெயர் எதற்கு? பின்னால் நீக்குவது பற்றிய வாதம் எல்லாமே முதல் நாள் யோசிக்காததற்குக் கட்டும் வட்டி.

---

வரிவிளம்பி

தற்கொலைச் செய்திகளை யாரும் சொல்லவில்லை. சுருக்கமாக: உலக சுகாதார அமைப்பின் ஊடக வழிகாட்டி இருக்கிறது. முறையை விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, ஒற்றைக் காரணம் சொல்லாதே, பரபரப்பாக முன்னிறுத்தாதே, உதவி எண் கொடு. இதில் மட்டும் "சூழலைப் பார்த்து முடிவெடு" என்று பயிற்சி கொடுக்காதீர்கள். நேராகப் பின்பற்றச் சொல்லுங்கள். விலகுவதென்றால் தலைமை ஆசிரியரிடம் கேட்கட்டும்.

செயற்கை நுண்ணறிவு எழுதிய காப்பிக்கும் கிட்டத்தட்ட அதே கறார். சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித்தளம் அப்படி வெளியிட்ட 77 கட்டுரைகளில் 41-க்கு 2023-ல் திருத்தம் போட்டது. எடிட்டர்கள் பார்த்த பிறகு வெளியானவைதான் அவை. சரளமாக இருக்கிற காப்பியில் கண் வழுக்கிப் போகும்.

---

மேசைவிளக்கு

எல்லோருக்கும் நன்றி. இப்போது என் மனதில் இருப்பது இது. தச்சனின் தாள்களை வாரம் ஒன்று. அதோடு ஒரு முடிவுப் பதிவேடு. அலர்ட் அனுப்பும் முன், அல்லது அனுப்ப வேண்டாம் என்று விட்டதும், நாலு வரி: என்ன தெரியும், எப்படித் தெரியும், யாரிடம் இன்னும் கேட்கவில்லை, எது தெரியவந்தால் மனம் மாறுவேன். வாரக் கடைசியில் அதை எடுத்துப் பேசுவது. கயல் சொன்ன, திரும்பி வராத பதிலை வரவழைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. நிறுத்திய செய்திகளையும் மறுநாள் யாராவது போய்ப் பார்த்து, உண்மையாக இருந்ததா என்று எழுத வேண்டும்.

---

வரிவிளம்பி

சட்டப் பக்கம் யோசித்தீர்களா? நாளை அவதூறு வழக்கு வந்தால் "யாரிடம் இன்னும் கேட்கவில்லை" என்று உங்கள் எடிட்டரே எழுதி வைத்த தாளை எதிர்த்தரப்பு வாங்கிக் காட்டும்.

---

கயல்

அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தின் 2013 அவதூறுச் சட்டம் 4-ஆம் பிரிவில், வெளியிடுவது பொதுநலனுக்கு உகந்தது என்று நியாயமாக நம்பினோம் என்பதையே வாதமாக வைக்கலாம், நீதிமன்றம் ஆசிரியரின் தீர்மானத்துக்கு இடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அப்படி நம்பினோம் என்பதற்கு அன்றைக்கே எழுதிய குறிப்பைவிட நல்ல சான்று எது? நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், உங்கள் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். மூலத்தின் பெயர் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பதிவேட்டில் வரக் கூடாது.

---

பழையகை

எழுதுவார்களா என்பதே என் கேள்வி. ராத்திரி ஷிப்டில் ஒரே ஆள், மூன்று ஏஜென்சி, லைவ் பிளாக் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். நாலு வரி எழுது என்றால் விடிந்த பிறகு உட்கார்ந்து அழகாக எழுதிவைப்பார். அப்போது முடிவு தெரிந்துவிடும். தச்சன் சொன்ன அந்த டாக்டர் ஆய்வு மாதிரி ஆகிவிடும்.

---

தலைப்புத்தச்சன்

ஆமாம், முன்னாலேயே எழுதாவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை. நாங்கள் அலர்ட்டுக்கு மட்டும் வைத்திருக்கிறோம், எல்லாச் செய்திக்கும் இல்லை. பட்டனை அழுத்தும் படிவத்திலேயே இரண்டு கட்டம்: "எப்படித் தெரியும்?", "நாளைக் காலை இதைத் திரும்பப் பெற்றோம் என்றால் காரணம் என்னவாக இருக்கும்?" இரண்டாவது க்ளைன் சொன்ன முறையின் சின்ன வடிவம், வேலை தொடங்கும் முன்பே அது தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு காரணம் தேடுவது. நிரப்பாமல் அனுப்ப முடியாது. தந்தி மொழியில் எழுதினாலும் பரவாயில்லை. நேரமும் தானாகப் பதிவாகிவிடும், அதனால் விடிந்த பிறகு மெருகேற்ற வழியில்லை. நிறுத்தியவற்றுக்குத்தான் எங்களிடமும் ஒழுங்கான வழி இல்லை. ஷிப்ட் முடியும்போது அடுத்தவருக்கு எழுதும் குறிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறோம், பாதி நாள் மறந்துவிடுகிறார்கள்.

---

நிலா_சப்

சீனியர்களும் அந்தக் கட்டத்தை நிரப்புவார்களா, நாங்கள் மட்டுமா? அதை நாங்கள் படிக்கலாமா?

---

தலைப்புத்தச்சன்

நிரப்பாமல் அவர்களுக்கும் பட்டன் வேலை செய்யாது. படிக்கலாம், படிக்கத்தான் வேண்டும். வாரக் கூட்டத்தில் முதலில் எடுப்பது நியூஸ் எடிட்டருடையதைத்தான்.

@மேசைவிளக்கு போலந்துத் தாள்களைத் தனிமடலில் அனுப்புகிறேன். இரண்டாவது தாளைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. இங்கே இவ்வளவு பேசியபிறகு உங்கள் ஆட்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.